தண்டவாளம் முடிகிற இடம்: சென்னை சென்ட்ரல்

பேசின் பிரிட்ஜ் வந்தாச்சு என்றால் போதும், ரயில் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் செயின் போட்டுப் பூட்டியிருந்த சூட்கேஸ் வெளியே வரும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். பாதிப்பேர் கதவருகே வரிசை கட்டி நிற்பார்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே! சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி நின்றுவிடும். ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... "ராத்திரி பூரா ஒழுங்கா ஓடிவந்த வண்டி, வீட்டு வாசல்ல வந்து படுத்துக்கிச்சு பாருங்க சார்!" என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். வண்டி மட்டும் நகராது.

"சிக்னல் கிடைக்கலை" என்பதுதான் வழக்கமான பதில். சரி, ஏன் கிடைக்கலை? டிப்ளமோ படிக்கிற நாம் அந்த பதிலோடு விட்டுவிட்டால் எப்படி?

விஷயம் ரொம்ப எளிமையானது. சென்ட்ரலில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பஃபர் என்கிற அந்த முட்டுக்கட்டைக்கு அப்பால் இருப்பது நடைபாதை, ஸ்டேஷன் கட்டடம், பெரியார் ஈ.வெ.ரா. சாலை, எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அவ்வளவுதான். திருச்சி மாதிரி, காட்பாடி மாதிரி ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகிற ஸ்டேஷன் கிடையாது. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். இந்த ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் வண்டி வாசலில் நிற்பது முதல், கக்கூஸ் தொட்டி வரைக்கும் சென்ட்ரலின் பாதி கதை புரிந்துவிடும்.

ராயபுரத்தில் ஆரம்பித்த கதை

தென்னிந்தியாவின் முதல் ரயில் சென்ட்ரலிலிருந்து கிளம்பியதாகப் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1853-ல் பம்பாய்க்கும் தானாவுக்கும் நடுவே முதல் ரயில் ஓடிய மூன்றே வருடத்தில், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் பாதை போட்டு முடித்தது. 1856 ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் துவக்கி வைத்தார். அந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. பீச்சிலிருந்து வடக்கே போகிற புறநகர் வண்டியில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அதுதான். ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள்.

பாதை நீண்டுகொண்டே போனது. 1862-ல் மேற்குக் கடற்கரையில் பெய்ப்பூர் வரை போய்விட்டது. 1871-ல் அரக்கோணத்திலிருந்து ராய்ச்சூர் வரை போட்ட பாதை பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு சேர்ந்தது. ராயபுரமோ கடலோரத்தில், சரக்கும் ஜனமும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. சரக்குக்கு ஓர் இடம், ஜனங்களுக்கு ஓர் இடம் என்று பிரித்தால்தான் சமாளிக்க முடியும் என்று ஆகிவிட்டது. அப்படி 1873-ல் பார்க் டவுனில் எழுந்ததுதான் சென்ட்ரல். ஒரு காலத்தில் போர்ச்சுக்கீசிய வியாபாரி ஒருவருக்குச் சொந்தமான தோட்டம் இருந்த இடம் அது. கவனிப்பார் இல்லாமல் போய், சூதாட்டமும் சேவல் சண்டையும் நடக்கிற இடமாக இருந்ததாம். பக்கத்து வால்டாக்ஸ் ரோட்டுக்கும் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிவிட்டு, அதற்காக ஜனங்களிடம் வரி போடப் பார்த்தான். வரி கடைசிவரை வசூலாகவில்லை. பெயர் மட்டும் ரோட்டுக்கு ஒட்டிக்கொண்டது!

ஸ்டேஷனை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹார்டிங். பிறகு ராபர்ட் சிசம் என்கிற கட்டடக் கலைஞர் அதில் மாற்றங்கள் செய்தார். நாம் சினிமாவில் எல்லாம் பார்க்கிற மணிக்கூண்டு 136 அடி உயரம். நாலு பக்கமும் கடிகாரம், கால் மணிக்கு ஒருதரம் மணி அடிக்கும். ஊரிலிருந்து மஞ்சள் பையோடு மெட்ராசுக்கு வருகிற கதாநாயகன் இந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தாக வேண்டும் என்பது தமிழ் சினிமாவில் எழுதப்படாத சட்டம்.

ஆரம்பத்தில் இருந்தவை நாலே நாலு பிளாட்பாரம். 12 பெட்டி வண்டி நிற்கிற நீளம். 1907-ல் இதுவே மெட்ராஸ் ரயில்வேயின் பிரதான நிலையம் ஆனது. அடுத்த வருடமே அந்தக் கம்பெனி சதர்ன் மராட்டா ரயில்வேயோடு இணைந்து எம். அண்டு எஸ்.எம். ரயில்வே என்று பெயர் மாறியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1951 ஏப்ரல் 14-ல், மூன்று கம்பெனிப் பாதைகளைச் சேர்த்து சதர்ன் ரயில்வே உருவானது. அதன் தலைமையகம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே, 1922-ல் திறக்கப்பட்ட கருங்கல் கட்டடத்தில் இருக்கிறது. 1998-ல் ஸ்டேஷனுக்கு மேற்குப் பக்கமாக அதே பாணியில் இன்னொரு கட்டடம் கட்டினார்கள். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாதபடி கட்டியது நல்ல காரியம் என்பேன். இன்று வெளியூர் வண்டிகளுக்கு 12 பிளாட்பாரம், புறநகர் வண்டிகளுக்கு 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் "2ஏ" என்று குட்டையாக ஒன்று இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் அதைத் தேடி அலைவது தனி வேடிக்கை.

பெயரும் மாறிக்கொண்டே வந்தது. மெட்ராஸ் சென்ட்ரல், 1996-க்குப் பிறகு சென்னை சென்ட்ரல், 2019 ஏப்ரலில் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம். டிக்கெட்டில் உள்ள குறியீட்டு எழுத்து மட்டும் மாறவே இல்லை: எம்.ஏ.எஸ். மெட்ராஸ் என்பதன் மிச்சம் அது. எழும்பூருக்கு எம்.எஸ்.

எழும்பூர் என்றதும் ஒரு கேள்வி வரும். ஒரே ஊரில், இரண்டே கிலோமீட்டர் தள்ளி, எதற்கு இரண்டு பெரிய ஸ்டேஷன்? காரணம் தண்டவாளத்தின் அகலம். சென்ட்ரலில் அகலப் பாதை, அதாவது 1,676 மில்லிமீட்டர். எழும்பூர் வேறொரு கம்பெனியான சவுத் இந்தியன் ரயில்வேயின் ஸ்டேஷன். ஹென்றி இர்வின் வடிவமைத்த அந்தக் கட்டடம் 1908-ல் திறக்கப்பட்டது. அங்கே ஓடியது மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். இந்தப் பாதை வண்டி அந்தப் பாதையில் ஓடவே ஓடாது. தில்லியிலிருந்து மதுரைக்குப் போகிற குடும்பம் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சு, பாட்டி சகிதம் எழும்பூருக்கு வண்டி பிடிக்க வேண்டும். 676 மில்லிமீட்டர் வித்தியாசம் பல தலைமுறைகளை ரோட்டில் அலையவிட்டது. 1990-களில் எழும்பூர்ப் பக்கமும் அகலப் பாதை வேலைகள் நடந்தன. 2004 ஜூலையில் புறநகர் மீட்டர் கேஜ் வண்டிகளும் ஓய்ந்தன. ஆனாலும் தெற்கே போக எழும்பூர், வடக்கேயும் மேற்கேயும் போக சென்ட்ரல் என்கிற பழக்கம் பெருமளவுக்கு அப்படியே இருக்கிறது. வடக்கிலிருந்து வந்து சென்னையைத் தாண்டிப் போகிற சில வண்டிகள் சென்ட்ரலுக்குள் நுழைவதே இல்லை. பெரம்பூரில் நின்றுவிட்டுப் போய்விடுகின்றன. ஏன்? நுழைந்தால் திரும்பி வர வேண்டுமே!

மாட்டிக்கொண்ட இன்ஜின்

இப்போது வாசலில் நிற்கிற வண்டிக்கு வருவோம்.

ஒரு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்குள் வந்து நிற்கிறது. இன்ஜின் முன்னால், பஃபரைப் பார்த்தபடி. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். இன்ஜின் எங்கே போகும்? முன்னால் சுவர், பின்னால் அது இழுத்துவந்த வண்டியே. மாட்டிக்கொண்டது. இன்னொரு இன்ஜின் வந்து, மறுமுனையில் கோத்து, காலிப் பெட்டிகளை பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துக்கொண்டு போன பிறகுதான் முதல் இன்ஜினுக்கு விடுதலை. அதுவரை அந்த பிளாட்பாரம் காலி இல்லை.

காலிப் பெட்டி வண்டியை ரேக் என்பார்கள். யார்டில் அந்த ரேக்கைப் பிட் லைன் மேல் நிறுத்துவார்கள். நம்ம ஊர் சர்வீஸ் ஸ்டேஷனில் கார் நிற்கிற பள்ளம் மாதிரி, ஆனால் ஒரு முழு ரயில் நிற்கிற நீளத்துக்கு. அடியில் போய் சக்கரம், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பார்ப்பார்கள். பிரேக் பைப்பில் காற்றழுத்தம் சரியாக நிற்கிறதா என்று சோதிப்பார்கள். தண்ணீர் ஏற்றுவார்கள், படுக்கை விரிப்பு மாற்றுவார்கள், பேட்டரி பார்ப்பார்கள். பிறகு மறுபடியும் ஓர் இன்ஜின் அந்த ரேக்கை சென்ட்ரலுக்குக் கொண்டுவந்து விடும். ஆக, ஒரு வண்டி வந்து ஒரு வண்டி கிளம்பினால் அந்த இரண்டு கிலோமீட்டர் பாதையில் நடப்பது இரண்டு ஓட்டம் அல்ல. பயணிகளோடு வருவது, காலியாகப் போவது, தனியாக இன்ஜின் போவது, காலியாக வருவது, பயணிகளோடு போவது... எண்ணிப் பாருங்கள். ஐந்து!

அதற்கு மேல், 12 பிளாட்பாரத்துப் பாதைகளும் போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்து சில பாதைகளாகக் குறுகிவிடுகின்றன. புனலின் கழுத்து மாதிரி. பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் ஒரு கை கூடூருக்கு, இன்னொரு கை அரக்கோணத்துக்கு. ஓர் ஓரத்து பிளாட்பாரத்திலிருந்து மறு ஓரத்துப் பாதைக்குப் போகிற வண்டி நடுவில் உள்ள எல்லாப் பாதைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அது கடந்து முடிகிறவரை மற்ற வண்டிகளுக்குச் சிவப்பு விளக்குதான். உங்கள் வண்டி வாசலில் நின்றதற்கு இதுதான் காரணம். டிரைவர் மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை.

இரண்டு பக்கமும் ஓட்டுகிற அறை இருக்கிற வண்டிக்கு இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடும். நாம் காலேஜுக்கு வருகிற புறநகர் மின்வண்டி அப்படிப்பட்டது. டிரைவர் இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடிக்கு நடந்து போய் ஏறினால் சரி, வண்டி திரும்பிவிட்டது! கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பாதைகளில் 1979-லிருந்தும் அரக்கோணம் வரை 1982-லிருந்தும் மின்வண்டி ஓடுகிறது. மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த வந்தே பாரத்தும் இதே தத்துவம்தான்; 2022 நவம்பரில் மைசூருக்கும் 2023 ஏப்ரலில் கோயம்புத்தூருக்கும் சென்ட்ரலிலிருந்து ஓட ஆரம்பித்தது. வேகத்தைப் பற்றித்தான் பேப்பரில் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், முட்டுச்சந்து ஸ்டேஷனில் இன்ஜின் மாற்றாமலே திரும்புகிறதே, அதுதான் பெரிய லாபம்.

சிவப்பு என்றால் பாதுகாப்பு

இத்தனை பாதைகள் பின்னிக் கிடக்கிற இடத்தில் இரண்டு வண்டி மோதாமல் இருப்பது எப்படி? இன்டர்லாக்கிங் என்று இதற்குப் பெயர். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் 'அண்டு கேட்' படித்திருப்பீர்களே, அதேதான். பாயிண்ட் சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பிய இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். போகிற பாதை காலியாக இருக்க வேண்டும். குறுக்கே வரும் பாதைகள் எல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். எல்லாம் "ஆம்" என்றால் மட்டுமே சிக்னல் விழும். ஒன்று "இல்லை" என்றாலும் சிவப்பு. ஸ்டேஷன் மாஸ்டரே நினைத்தாலும் பட்டனை அழுத்திப் பச்சை கொடுக்க முடியாது.

பாதை காலியா இல்லையா என்று எப்படித் தெரியும்? தண்டவாளத்தையே ஒயராக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு துண்டுத் தண்டவாளத்தை இரு முனையிலும் இன்சுலேட் செய்து, ஒரு முனையில் சிறிய மின்னழுத்தம் கொடுத்து, மறு முனையில் ரிலே வைக்கிறார்கள். பாதை காலியாக இருந்தால் ரிலே பிடித்திருக்கும். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். ஒயர் அறுந்தாலும் ரிலே விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். தண்டவாளம் உடைந்தால்கூடப் பெரும்பாலும் விழும். எது கெட்டாலும் வண்டி நிற்குமே தவிர ஓடாது. பரீட்சையில் 'ஃபெயில் சேஃப்' என்பதற்கு உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள்.

இத்தனையையும் மீறி ஒரு விபத்து நடந்தது. 2023 ஜூன் 2. கொல்கத்தா அருகே ஷாலிமாரிலிருந்து சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாலசோர் பக்கத்தில் பாஹாநகா பஜார் என்கிற ஸ்டேஷனை நெருங்கியது. நேர்ப்பாதைக்குப் பச்சை சிக்னல். ஆனால் பாயிண்ட் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றது. மோதிச் சிதறிய பெட்டிகள் மேல் எதிர்ப்பாதையில் வந்த ஹவுரா வண்டியின் பின்பகுதி இடித்தது. 290 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு ஜூன் 4 அதிகாலை ஒரு சிறப்பு ரயில் சென்ட்ரலுக்கு வந்தபோது, பிளாட்பாரத்தில் டாக்டர்களும் ஆம்புலன்ஸும் காத்திருந்தன.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வெளிவந்தது என்ன? அண்டு கேட் பொய் சொல்லவில்லை. அதற்குப் போகிற ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். லெவல் கிராசிங் பக்கத்துப் பெட்டிக்குள் ஒயர்களில் தவறான லேபிள். வருடக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு கேட் வேலை நடந்தபோது அந்தக் குழப்பத்தோடேயே இணைப்பு கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் ரயில்வே ஊழியர்கள் மூன்று பேர் கைதானார்கள். அவர்கள் மேல் வழக்கு. கவரைப்பேட்டையிலும், அதாவது சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற பாதையிலேயே, 2024 அக்டோபர் 11 இரவு நேர்ப்பாதைக்கு சிக்னல் வாங்கிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப்புக்குள் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

லேபில் சர்க்யூட் இணைத்துவிட்டு, "ரீடிங் வருதில்ல, போதும்டா" என்று டயகிராமை அப்புறம் வரைகிறோமே... அந்த லேபிள் ஒட்டுகிற வேலையை ரயில்வேயில் செய்கிறவரும் நம்மைப்போல டிப்ளமோ முடித்தவர்தான்.

யாரும் எழுதாத விஷயம்

இது சாப்பிடுகிற நேரத்தில் படிக்கிற விஷயம் இல்லை. ஆனாலும் சென்ட்ரலைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் அது முழுக் கட்டுரை ஆகாது.

ரயில் கழிவறையில் "நிலையத்தில் நிற்கும்போது உபயோகிக்காதீர்" என்று எழுதியிருக்கும். யார் கேட்டார்கள்? ஓடுகிற பாதையில் விழுவது ஊர் ஊராகச் சிதறிப் போகும். தண்டவாளம் முடிகிற ஸ்டேஷனில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும். வருகிற வண்டியும் கடைசி ஸ்டேஷன் என்று கடைசி நிமிஷத்தில் உபயோகம், கிளம்புகிற வண்டியும் ஏறினவுடன் உபயோகம். எல்லாம் ஒரே இடத்தில். அதைக் கூட்டி அள்ளியவர்கள் மனிதர்கள். ஜல்லி போட்ட பாதையில் தண்ணீர் அடித்துக் கழுவ முடியாது என்பதால், பிளாட்பார ஓரப் பாதைகளில் ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் தளம் போட்டு, நடுவில் வடிகால் விட்டார்கள். குழாயால் அடித்துக் கழுவலாம். வேலை கொஞ்சம் சுலபமானது; வேலையின் தன்மை மாறவில்லை. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. சட்டப் புத்தகம் ஒரு பக்கம், பிளாட்பாரத்துக்குக் கீழே நடப்பது ஒரு பக்கம்.

நிஜமான மாற்றம் ஒரு தொட்டியால் வந்தது. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து ரயில்வே 2011-லிருந்து பெட்டிகளில் உயிரிக் கழிவறைகளைப் பொருத்த ஆரம்பித்தது. பெட்டிக்கு அடியில் ஸ்டீல் தொட்டி. உள்ளே காற்றில்லாமல் வாழ்கிற பாக்டீரியா. கழிவை அது தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். தண்ணீர் குளோரின் வழியாக வெளியேறும். பத்து வருடத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பயணிகள் பெட்டிகளுக்கும் வந்துவிட்டது. நூறு சுற்றறிக்கை செய்யாததை ஒரு தொட்டி செய்தது.

ஆனால் பாக்டீரியாவுக்கு பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்னத் தெரியாது. குட்கா பாக்கெட், நாப்கின், குழந்தையின் டயாப்பர் எதுவும் ஆகாது. நாம் உள்ளே போடுகிற ஒவ்வொன்றையும் யார்டில் ஒருவர் தொட்டியைத் திறந்து, கையை விட்டு எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அந்தத் துவாரத்தில் எதையாவது போடுமுன் அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வசதிகள்

டிக்கெட், ரிசர்வேஷன், பொருள் வைப்பறை, தங்கும் அறை, ஓய்வு அறை, எஸ்கலேட்டர், வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி எல்லாம் உண்டு. நுழைந்ததும் போர்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், இங்கே நீட்டி எழுதவில்லை. எந்தப் புகாருக்கும் உதவிக்கும் 139. தனியாகச் சுற்றுகிற குழந்தையைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லலாம், அல்லது ரயில்வே போலீசிடம் சொல்லலாம். வீட்டைவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் வந்து இறங்குகிற இடமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கடைசி ஸ்டேஷன்தான். ஒரு போன் செய்ய நமக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

புறநகர் வண்டிகள் நிற்கிற கட்டடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர் ஏன் என்று புதுசாகச் சேர்ந்த தம்பிகள் கேட்பதுண்டு. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. பழைய புத்தகத்துக்குப் பேர்போன இடம். எத்தனையோ ஏழை மாணவர்களின் லைப்ரரி. 1985 மே 30-ல் தீயில் போய்விட்டது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் கடை ஒதுக்கினார்கள். பெயரை ரயில்வே காப்பாற்றி வைத்திருக்கிறது.

2018 மே மாதம் முதல் சென்ட்ரலுக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் வந்துவிட்டது. எதிரே பார்க் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வண்டி, பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயில். வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகளை எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். ஆந்திராவிலிருந்து ராத்திரி வண்டியில் வந்து, காலையில் ஓ.பி. சீட்டுக்கு நிற்பவர்களுக்கு சென்ட்ரலே ஆஸ்பத்திரியின் வராந்தா மாதிரி.

ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏசி லவுஞ்சுக்குக் காட்டுகிற அக்கறை, தரையில் துண்டு விரித்துக் காத்திருப்பவர்களிடம் காட்டப்படவில்லை. ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் என்று நம் ஊரில் கட்டடம் கட்டுகிற, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற தொழிலாளிகள் முன்பதிவில்லாப் பெட்டிக்காக மணிக்கணக்கில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கு சைட்டில் நம் கீழே வேலை பார்க்கப்போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு இன்னும் நாலு பெட்டி, இன்னும் நாலு தண்ணீர்க் குழாய் வைத்தால் ரயில்வே முழுகிவிடாது.

சிவப்புச் சட்டைப் போர்ட்டர்கள் முன்னைப்போல இல்லை. சூட்கேசுக்குச் சக்கரம் வந்ததும் அவர்கள் பிழைப்பில் மண். 2008-ல் நாடு முழுவதும் ஏராளமான போர்ட்டர்களை ரயில்வே தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது; பலர் கேங்மேன் ஆனார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் கூலி பேசும்போது கொஞ்சம் தாராளமாக இருங்கள்.

நமக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ரயில்வே தேர்வு வாரியம் நடத்துகிற ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோ போதும். சிவில் முடித்தவர்களுக்குத் தண்டவாளம், பாலம், கட்டடம். பழைய ஆட்கள் பி.டபிள்யூ.ஐ. என்பார்களே, அந்த வேலை. மெக்கானிக்கல் என்றால் பிட் லைனும் பெட்டியும். டிரிபிள் ஈ தம்பிகளுக்கு 25,000 வோல்ட் கம்பி அல்லது பெட்டிக்குள் விளக்கு, ஏசி. ஈ.சி.ஈ. என்றால் சிக்னல். பேசின் பிரிட்ஜ் யார்டில் ராத்திரி மழையில் டார்ச் வைத்துக்கொண்டு பிரேக் பிளாக் பார்ப்பது ஏசி ரூம் உத்தியோகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிக்கிறபோதே பார்க்க ஆசை இருந்தால், பெரம்பூர் பணிமனைகளிலும் ஐ.சி.எஃப்.பிலும் அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு; அறிவிப்பு வரும்போது டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதுவரை காசு செலவில்லாமல் பார்க்க ஒரு வழி. சீசன் டிக்கெட் உள்ளவர்கள் ஒருநாள் காலையில் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்து ஓரமாக நின்று பாருங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் போனால், ராத்திரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதும், ஒரு காலி ரேக் குறுக்கே வெட்டிப் போவதும், பாயிண்ட் திரும்புவதும், சிக்னல் மாறுவதும் வரிசையாகத் தெரியும். கதவருகே சூட்கேசோடு நிற்கிறவர்கள் உங்களைப் பார்த்து "ஏம்பா, எப்ப எடுப்பான்?" என்று கேட்பார்கள். இப்போது உங்களுக்குப் பதில் தெரியும்.